கையை எடுக்கவிடும் கார்கள்: எதன் கண்காணிப்பை நம்பி வாங்கலாம்?

அமெரிக்காவில் புதுக் கார் பார்க்கப் போகும் நம்மவர்கள் இப்போது டீலரிடம் முதலில் கேட்பது மைலேஜ் இல்லை. "ஹைவேயில் கையை எடுத்துவிட்டு ஓட்டலாமா?" என்பதுதான். விற்பனையாளரும் உற்சாகமாகத் தலையாட்டுவார். சோதனை ஓட்டத்தில் ஒரு பொத்தானை அழுத்திக் காட்டுவார். கார் லேனுக்குள் தானாகப் போகும், வளைவில் தானாகத் திரும்பும், பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அதோடு பேச்சு விலைக்குப் போய்விடும்.

கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. நான் ரோட்டைப் பார்க்காமல் போனால் இந்தக் கார் அதை எப்படிக் கண்டுபிடிக்கும்? எத்தனை நொடியில்? கண்டுபிடித்த பிறகு என்ன செய்யும்? இந்த வகைக் கார்களை ஒப்பிட இதைவிட முக்கியமான அளவுகோல் இல்லை என்பது என் எண்ணம். லேனைப் பிடித்துப் போவதை ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, டெஸ்லா மூன்றுமே இன்று நன்றாகத்தான் செய்கின்றன. உங்களைக் கவனிக்கும் விதத்தில்தான் அவை வேறு வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே ஒப்பிடும் எதுவும் தானோட்டிக் கார் இல்லை. ஜிஎம்மின் சூப்பர் க்ரூஸ், ஃபோர்டின் ப்ளூ க்ரூஸ், டெஸ்லாவின் எஃப்எஸ்டி (ஃபுல் செல்ஃப் டிரைவிங்) எல்லாமே இரண்டாம் நிலை உதவிதான். கை ஸ்டியரிங்கில் இல்லாவிட்டாலும் ஓட்டுபவர் நீங்கள்தான். இடித்தால் வழக்கு உங்கள் பேரில் வரும். மெர்சிடிஸின் ட்ரைவ் பைலட் மட்டும் கலிஃபோர்னியாவிலும் நெவாடாவிலும் மூன்றாம் நிலை அனுமதி வாங்கியது. நெரிசலான ஃப்ரீவேயில், 40 மைல் வேகத்துக்குள், கண்ணையும் எடுக்கலாம் என்றது. தூங்கத்தான் கூடாது. அது வேறு சாதி, விலையும் வேறு. இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

கேமரா எதற்கு?

நல்ல ஓட்டுநருக்குக் காவல் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. 1940களில் நார்மன் மேக்வொர்த் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ராடார் திரையைக் கவனிக்கும் விமானப் படையினருக்காக ஒரு சோதனை செய்தார். வட்டத்தில் ஒரு முள் துள்ளித் துள்ளி நகரும். அபூர்வமாக எப்போதாவது இரட்டைத் துள்ளல் துள்ளும். அதைப் பார்த்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். அரை மணி நேரத்துக்குள்ளேயே ஆட்கள் தவறவிடத் தொடங்கினார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, பயிற்சி பெற்றவர்கள். ஒன்றும் நடக்காத இடத்தில் ஏதாவது நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது மனித மூளைக்கு ஒத்துவராத வேலை.

கையை எடுக்கவிடும் கார் உங்களிடம் கேட்பது அதே வேலையைத்தான். டாலஸிலிருந்து ஐ-45இல் இறங்கி பேர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போய் தரிசனம் முடித்து, ஞாயிறு இரவு அதே நாலு மணி நேரம் திரும்பி வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். பிரசாதம் மடியில். கார் அழகாகப் போகிறது. அந்த நேரத்தில் உங்கள் கவனத்தை ரோட்டில் பிடித்து வைக்க வெளியிலிருந்து ஒரு தூண்டுதல் வேண்டும். கேமரா அதற்காகத்தான் இருக்கிறது.

கேமரா வருவதற்கு முன்னால் இருந்த ஏற்பாடு ஸ்டியரிங்கில் கை அழுத்தத்தை உணர்வது. அதை ஏமாற்றுவது சுலபமாக இருந்தது. ஆரஞ்சுப் பழத்தைச் செருகினார்கள், தண்ணீர் பாட்டிலைக் கட்டினார்கள். டெஸ்லாவின் லேன் உதவி முறைக்கு ஆட்டோபைலட் என்று பெயர்; அதை ஏமாற்றுவதற்கென்றே "ஆட்டோபைலட் பட்டி" (Autopilot Buddy) என்ற பெயரில் ஒரு காந்த எடைக்கட்டி விற்பனைக்கு வந்து, 2018இல் என்எச்டிஎஸ்ஏ, அதாவது கூட்டாட்சி அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, தலையிட்டு அதை நிறுத்தச் சொன்னது. 2021இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பொறியாளர்கள் தங்கள் சோதனைத் தடத்தில் டெஸ்லா மாடல் ஒய் ஒன்றை ஓட்டுநர் இருக்கையில் ஆளே இல்லாமல் ஓட வைத்துக் காட்டினார்கள். ஸ்டியரிங்கில் தொங்கியது ஒரு சங்கிலி எடை, அவ்வளவுதான்.

இதன் மோசமான முகம் 2018 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மவுன்டன் வ்யூவில் தெரிந்தது. ஆட்டோபைலட்டில் போய்க்கொண்டிருந்த டெஸ்லா, ஃப்ரீவே பிரியும் இடத்தில் இருந்த தடுப்பில் 71 மைல் வேகத்தில் மோதியது. கடைசி ஆறு நொடிகளில் ஸ்டியரிங்கில் கை இருந்ததாகப் பதிவில்லை. ஓட்டுநரின் ஃபோனில் ஒரு விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கை அழுத்தத்தை மட்டும் வைத்து ஓட்டுநரின் கவனத்தை அளக்க முடியாது என்று விபத்தை விசாரித்த கூட்டாட்சி அமைப்பான என்டிஎஸ்பி எழுதியது. கை ஸ்டியரிங்கில் இருந்தாலும் கண் வேறு எங்கோ இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளக் கண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

சூப்பர் க்ரூஸ்

2017இல் கேடிலாக் சிடி6இல் வந்தது. அமெரிக்காவில் ஹைவேயில் கையை எடுக்கவிட்ட முதல் முறை இதுதான். முதல் நாளிலிருந்தே கண்ணைப் பார்க்கும் கேமராவோடு வந்தது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அதன் பின்னால் இருப்பது ஆஸ்திரேலியாவின் சீயிங் மெஷின்ஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பம். ஸ்டியரிங் தண்டின் மேல் ஒரு சின்னக் கேமரா, கூடவே அகச்சிவப்பு விளக்குகள். இந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, இரவில் முகத்தில் அடித்தாலும் கூசாது. பெரும்பாலான கறுப்புக் கண்ணாடிகளை ஊடுருவியும் போகும்.

ஆனால் இதில் நான் மிகவும் மதிப்பது கேமராவை அல்ல, ஸ்டியரிங் வளையத்தின் மேல்பகுதியில் இருக்கும் ஒளிப்பட்டையை. பச்சையாக எரிந்தால் கார் ஓட்டுகிறது, கையை எடுக்கலாம். நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினால் நீலமாகிவிடும், இப்போது ஓட்டுவது நீங்கள் என்று அர்த்தம். கண் ரோட்டை விட்டு விலகி இருந்தால் பச்சை மின்னத் தொடங்கும். அப்போதும் பார்க்காவிட்டால் சிவப்பாக மின்னும், சீட் அதிரும் அல்லது பீப் அடிக்கும். அதற்கும் அசையாவிட்டால் குரல் கொடுக்கும். கடைசியில் ஹசார்டு விளக்கைப் போட்டு வேகத்தைக் குறைத்து லேனிலேயே நிறுத்திவிட்டு, ஆன்ஸ்டார் உதவி மையத்தைக் கூப்பிடும். அந்த அளவுக்குப் போய்விட்டால், காரை அணைத்துத் திரும்பக் கிளப்பும் வரை சூப்பர் க்ரூஸ் கிடைக்காது.

இதில் நல்ல யோசனை என்னவென்றால் விளக்கு இருக்கும் இடம். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணின் ஓரத்தில் அது எப்போதும் தெரியும். யார் ஓட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத் தலையைக் குனிந்து திரையில் படம் தேட வேண்டாம். சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் இந்த வகைக் கார்களில் அடிக்கடி நடக்கும் குழப்பமே "இப்போது ஓட்டுவது யார், நானா காரா" என்பதுதான். கார் கையைக் கழுவியது தெரியாமல் ஓட்டுநர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. லைடார் என்ற லேசர் அளவீட்டுக் கருவியை வைத்து முன்கூட்டியே வரைபடமாக்கிய ரோடுகளில் மட்டும்தான் இது வேலை செய்யும். முதலில் 1,30,000 மைல் அளவில் தொடங்கி இன்று பல மடங்கு வளர்ந்திருக்கிறது என்றாலும் உங்கள் வீட்டுத் தெருவில் வராது. அடுத்து, ஸ்டியரிங்கின் உச்சியில் கையைத் தொங்கப் போட்டு உட்காரும் பழக்கம் இருந்தால் உங்கள் கையே கேமராவை மறைக்கும். உயரம் குறைவானவர்கள் ஸ்டியரிங்கை இறக்கி வைத்துக்கொள்ளும்போதும் வளையம் குறுக்கே வரலாம். வீட்டில் இரண்டு பேர் ஓட்டுவதாக இருந்தால் இரண்டு பேருமே உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ப்ளூ க்ரூஸ்

ஃபோர்டு 2021இல் எஃப்-150இலும் மஸ்டாங் மாக்-ஈயிலும் கொண்டுவந்தது. இதிலும் ஓட்டுநர் முகத்தைப் பார்க்கும் கேமரா உண்டு. இதுவும் தேர்ந்தெடுத்த ஹைவேகளில் மட்டும், ஃபோர்டு நீல மண்டலம் என்று குறிக்கும் இடங்களில் வேலை செய்யும். கண் விலகினால் திரையில் எச்சரிக்கை, ஒலி, அப்புறம் பிரேக்கைச் சின்னச் சின்னதாக உதைப்பது போல ஒரு குலுக்கல், பிறகு வேகக் குறைப்பு. அந்தப் பிரேக் உதைப்பு நல்ல உத்தி. ஒலியைக் காது பழக்கிக்கொள்ளும், விளக்கைக் கண் பழக்கிக்கொள்ளும். உடம்பு முன்னால் தள்ளப்பட்டால் யாரும் திடுக்கிட்டு நிமிர்வார்கள்.

ஆனால் கை எடுக்கலாமா கூடாதா என்பதை முக்கியமாகச் சொல்வது ஓட்டுநர் முன்னால் இருக்கும் திரையின் நிறமும் எழுத்தும்தான். ஜிஎம்மின் ஸ்டியரிங் பட்டை அளவுக்கு அது பளிச்சென்று இல்லை என்பது என் கருத்து. ஃபோர்டில் கை எடுக்கலாம் என்ற நிலையும் கை வேண்டும் என்ற நிலையும் ஒரே பயணத்தில் மாறி மாறி வரும். மாறிய கணத்தை நீங்கள்தான் பிடிக்க வேண்டும்.

ப்ளூ க்ரூஸைப் பேசும்போது 2024 விபத்துகளைத் தவிர்க்க முடியாது. பிப்ரவரியில் சான் அன்டோனியோவில் ஐ-10இல், இரவில், நடு லேனில் நின்றிருந்த ஒரு காரின் பின்னால் மாக்-ஈ மோதியது. நின்ற காரில் இருந்தவர் இறந்தார். அடுத்த மாதமே ஃபிலடெல்ஃபியாவில் ஐ-95இல் இன்னொரு மாக்-ஈ நின்றிருந்த வண்டிகளில் மோதி இரண்டு பேர் இறந்தார்கள். என்எச்டிஎஸ்ஏ விசாரணையைத் தொடங்கி 2025 ஜனவரியில் அதைத் தீவிரப்படுத்தியது. ஏறக்குறைய 1,29,000 கார்கள் அந்த விசாரணைக்குள் வந்தன. அதில் வெளிவந்த ஒரு தகவலை வாங்குபவர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 62 மைலும் அதற்கு மேலும் போகும்போது, தூரத்தில் அசையாமல் நிற்கும் பொருட்களுக்கு பிரேக் போடாமல் இருக்கும்படி அந்தக் க்ரூஸ் கண்ட்ரோல் வடிவமைக்கப்பட்டிருந்தது. மேம்பாலம், பலகை என்று எதைப் பார்த்தாலும் வீணாக பிரேக் அடிக்கக் கூடாது என்பதற்காக.

இது ஃபோர்டின் தனிப்பட்ட பாவம் என்று நினைத்துவிடாதீர்கள். வேகத்தில் போகும்போது நின்றுகொண்டிருக்கும் வண்டியைக் கண்டுகொள்வதில் இந்த வகை முறைகள் பலவற்றுக்கும் தடுமாற்றம் உண்டு. சாதாரணப் போக்குவரத்தில் நீங்கள் தேவைப்படவே மாட்டீர்கள். தேவைப்படும் அந்த ஒரு தடவை, அது இரவு, முன்னால் விளக்கில்லாத கார், உங்களிடம் இருப்பது சில நொடிகள். கண்காணிப்பு முறையின் தரத்தை அந்த நொடிகளை மனதில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஃபிலடெல்ஃபியா ஓட்டுநர் மேல் குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்குப் போடப்பட்டது. இன்றைய கேமராக்கள் கண் எங்கே பார்க்கிறது என்று சொல்லும், மூடியிருக்கிறதா என்று சொல்லும். ஓட்டுபவர் குடித்திருக்கிறாரா என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கும் கருவியைப் புதுக் கார்களில் கட்டாயமாக்க 2021 உள்கட்டமைப்புச் சட்டத்திலேயே வழி செய்தார்கள். அதற்கான விதியை 2024 நவம்பருக்குள் எழுதியிருக்க வேண்டும். அந்தத் தேதி தாண்டிப் போனது.

டெஸ்லா

நம்மவர்கள் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். எஃப்எஸ்டிக்கு வரைபட எல்லை கிடையாது. வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை, சிக்னல், இடது திருப்பம், பார்க்கிங் என்று எல்லாம் செய்யும். அந்த வகையில் ஜிஎம்மும் ஃபோர்டும் பக்கத்தில்கூட வர முடியாது. இதை மறைத்து எழுதினால் நியாயமில்லை.

கண்காணிப்பில் கதை வேறு. நீண்ட காலம் ஸ்டியரிங் அழுத்தத்தை மட்டுமே நம்பிய நிறுவனம் இது. பின்னோக்குக் கண்ணாடிக்கு மேலே இருந்த உள்கேமராவை ஓட்டுநரைக் கவனிக்கப் பயன்படுத்தத் தொடங்கியது 2021இல்தான். 2023 டிசம்பரில் ஆட்டோபைலட்டின் கவனக் கட்டுப்பாடுகள் போதாது என்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். மென்பொருளில் செய்த திருத்தம்தான், யாரும் கடைக்குப் போகவில்லை. அந்தத் திருத்தம் போதுமானதா என்று 2024 ஏப்ரலில் என்எச்டிஎஸ்ஏ மறுபடி ஒரு விசாரணையைத் திறந்தது. திருத்தத்தின் ஒரு பகுதியை உரிமையாளர் விரும்பினால்தான் செயல்படுத்த முடியும், வேண்டாமென்றால் பழையபடி மாற்றிக்கொள்ளவும் முடியும் என்பது அப்போது எழுந்த கேள்விகளில் ஒன்று.

2024இல் எஃப்எஸ்டி 12.4 பதிப்போடு ஸ்டியரிங்கை அசைக்கச் சொல்லும் நச்சரிப்பு போய், கண்ணைப் பார்த்தால் போதும் என்று ஆனது. முதலில் கறுப்புக் கண்ணாடி போட்டால் ஒத்துக்கொள்ளாது, அடுத்த பதிப்பில் அதுவும் சரியானது. கேமராவால் கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் மறுபடி பழைய ஸ்டியரிங் அழுத்தத்துக்கே போய்விடும். திரும்பத் திரும்ப அலட்சியம் செய்தால் எச்சரிக்கைக் கணக்கு ஏறும். ஐந்தாவதில் எஃப்எஸ்டி ஏறக்குறைய ஒரு வாரத்துக்குப் பறிபோகும். தண்டனை என்ற அளவில் இது மற்ற இரண்டையும்விடக் கடுமையானது, நல்லதும்கூட.

கேமரா இருக்கும் இடம் எனக்குத் திருப்தியாக இல்லை. கண்ணாடிக்கு மேலே உட்கார்ந்து உள்ளே முழுவதையும் பார்க்கும் அகலக் கேமரா அது. கையில் ஃபோன் இருப்பதைப் பார்க்க நல்ல இடம். ஆனால் குனிந்த கண்ணை மேலிருந்து பார்த்தால் இமைதான் தெரியும். ஸ்டியரிங் தண்டிலிருந்து கீழிருந்து மேலே பார்க்கும் கேமராவுக்குக் கருவிழி தெரியும். தொப்பி போட்டவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் கூடும்.

இன்னொன்று, இந்தக் கண்டிப்பின் அளவை நிறுவனம் நினைத்தால் ஒரே இரவில் மாற்ற முடியும். 2025 டிசம்பரில் எலான் மஸ்க், சுற்றியுள்ள போக்குவரத்தைப் பொறுத்து எஃப்எஸ்டி ஓடும்போது ஃபோனில் செய்தி அனுப்பலாம் என்கிற பொருளில் பதில் சொன்னார். ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் அது சட்டவிரோதம். அபராதம் கட்டப்போவது அவர் இல்லை. நீங்கள் வாங்கும்போது இருந்த கண்டிப்பு அடுத்த அப்டேட்டில் தளரலாம். மென்பொருள் அப்டேட் எல்லாக் காரிலும் உண்டுதான். ஆனால் எந்தத் திசையில் மாற்றுவார்கள் என்பதை ஒரு நிறுவனத்தின் பழைய பழக்கத்தைப் பார்த்துத்தான் கணிக்க வேண்டியிருக்கிறது.

மதிப்பெண் பட்டியல் சொல்வது

காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ் 2024 மார்ச்சில் 14 முறைகளைச் சோதித்து மதிப்பெண் போட்டது. "ஏற்கத்தக்கது" என்ற அளவைத் தொட்டது ஒன்றே ஒன்று, லெக்சஸ் எல்எஸ்ஸில் வந்த டீம்மேட். சூப்பர் க்ரூஸும் நிசான் ஆரியாவின் ஒரு முறையும் "சுமார்". மீதி 11ம் "மோசம்". அதில் ப்ளூ க்ரூஸ், டெஸ்லாவின் ஆட்டோபைலட், எஃப்எஸ்டி எல்லாம் அடக்கம். "நல்லது" யாருக்கும் கிடைக்கவில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் ஃபோர்டும் டெஸ்லாவும் ஒன்று என்று தோன்றும். அது அப்படி இல்லை. உள்ளே பிரித்துப் பார்த்தால் ஓட்டுநரைக் கண்காணிக்கும் பகுதியில் முழுத் தகுதியை நெருங்கியது ஃபோர்டுதான். முகத்தை மறைத்தாலும் கேமராவை மறைத்தாலும் கண் விலகினாலும் அது எச்சரித்தது. கை வேறு வேலையில் இருக்கிறதா என்பதை மட்டும் கவனிக்கவில்லை. எச்சரித்தும் ஓட்டுநர் எழாவிட்டால் என்ன செய்கிறது என்ற அவசரப் பகுதியில் எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றியது சூப்பர் க்ரூஸ் மட்டும். அதாவது கவனிப்பதில் ஃபோர்டு கெட்டி, கவனித்த பிறகு செய்ய வேண்டியதில் ஜிஎம் கெட்டி. ஒற்றை மதிப்பெண்ணைப் பார்த்து வாங்கினால் இது தெரியாமல் போகும்.

லெக்சஸ் முதலிடம் என்றாலும் நான் அதைப் பரிந்துரைக்கும் நிலையில் இல்லை. அந்த முழு வடிவம் வந்தது விலையுயர்ந்த எல்எஸ்ஸில். மற்ற லெக்சஸ் கார்களில் டீம்மேட் என்ற பெயரில் வருவது பெரும்பாலும் 25 மைலுக்குள் நெரிசலில் மட்டும் உதவுவது. பெயர் ஒன்று, சரக்கு வேறு. டீலரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஐஐஎச்எஸ் கேட்பது, கண் விலகிப் பத்து நொடிக்குள் இரண்டு வகையான எச்சரிக்கை வர வேண்டும் என்று. ஐரோப்பாவில் புதுக் கார்களுக்குக் கட்டாயமாகிவரும் கவனச்சிதறல் எச்சரிக்கை விதி இன்னும் இறுக்கம். 50 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் மூன்றரை நொடி கண் கீழே இருந்தால் எச்சரிக்க வேண்டும். 70 மைல் வேகத்தில் மூன்றரை நொடி என்பது சுமார் 110 மீட்டர். பத்து நொடி என்றால் 300 மீட்டருக்கு மேல். சமையலறையில் பால் பொங்குகிறதா என்று ஹாலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வருகிற நேரம்தான் அது. சரி, அடிக்கடி எச்சரித்தால் எரிச்சல் வராதா? வரும். முதல் வாரத்தில் கொஞ்சம் எரிச்சல் தராத கண்காணிப்பை நான் நம்ப மாட்டேன். ஆனால் எரிச்சலிலும் இரண்டு வகை இருக்கிறது. மடியில் இருக்கும் ஃபோனைப் பார்த்ததற்குக் கத்தினால் அது சரியான எரிச்சல். பக்கக் கண்ணாடியைப் பார்த்ததற்கோ, கண் சின்னதாக இருப்பதற்கோ, மூக்குக்கண்ணாடியில் வெயில் பட்டதற்கோ கத்தினால் அது தவறான எரிச்சல். இரண்டாவது வகை அதிகமானால் மனிதர்கள் அதை அணைத்துவிடுவார்கள் அல்லது ஏமாற்றக் கற்றுக்கொள்வார்கள்.

கற்றுக்கொள்வது பற்றி ஐஐஎச்எஸ் ஆய்வு ஒன்றும் இருக்கிறது. ஆட்டோபைலட்டோடு ஒரு மாதம் ஓட்டக் கொடுத்தபோது, ஓட்டுநர்கள் எச்சரிக்கையின் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மணி அடித்ததும் உடனே ஒரு நொடி நிமிர்ந்து காரைச் சமாதானப்படுத்திவிட்டு மறுபடி தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அந்தக் காரணத்தால்தான் எச்சரிக்கை மட்டும் போதாது, வசதியைக் கொஞ்ச காலம் பறிப்பதும் வேண்டும் என்கிறேன்.

கேமராவில் எடுப்பது எங்கே போகிறது?

சுருக்கமாக. சூப்பர் க்ரூஸ் கேமரா படத்தைப் பதிவு செய்வதோ பகிர்வதோ இல்லை என்று ஜிஎம் சொல்கிறது. நீங்கள் அனுமதிக்காதவரை உள்கேமராப் படம் காரை விட்டுப் போகாது என்று டெஸ்லா சொல்கிறது. அதே ஜிஎம், ஓட்டும் பழக்கத் தரவுகளைக் காப்பீட்டுக்குப் பயன்படும் தரவு நிறுவனங்களுக்குக் கொடுத்ததற்காக 2025 ஜனவரியில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான எஃப்டிசியின் நடவடிக்கைக்கு உள்ளானது. டெஸ்லா ஊழியர்கள் வாடிக்கையாளர் கார்களின் கேமராப் படங்களைத் தங்களுக்குள் பகிர்ந்ததாக 2023இல் ராய்ட்டர்ஸ் எழுதியது. ஆகவே வாங்கிய அன்றே அமைப்புகளுக்குள் போய்த் தரவுப் பகிர்வை அணைத்துவிடுங்கள். கேமராவில் டேப் ஒட்டுவது வேண்டாம். ஒட்டினால் கையை எடுக்கும் வசதியும் போய்விடும்.

எனவே எது?

ஊர் விட்டு ஊர் போகும் நீண்ட ஹைவே ஓட்டம்தான் உங்கள் தேவை என்றால் என் முதல் தேர்வு சூப்பர் க்ரூஸ். ஒளிப்பட்டை, இரவிலும் பார்க்கும் கேமரா, கடைசியில் நிறுத்தி உதவிக்குக் கூப்பிடுவது என்ற மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன. புதுக் காரோடு பெரும்பாலும் முதல் சில வருடச் சந்தா சேர்ந்தே வரும். அதற்கப்புறம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபோர்டு இரண்டாவது, அதிகம் பின்தங்காத இரண்டாவது. ஏற்கெனவே ஒரு மாக்-ஈ அல்லது எஃப்-150 பிடித்துப்போய்விட்டால் ப்ளூ க்ரூஸ் அதை வேண்டாம் என்று சொல்லக் காரணமாகாது. இரவு ஹைவேயில் மட்டும் கையை ஸ்டியரிங்கிலேயே வையுங்கள். 2024 அக்டோபரில் மாதச் சந்தாவை 75 டாலரிலிருந்து 49.99க்கு இறக்கினார்கள். ஊருக்குப் போகும் மாதம் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

டெஸ்லாவை யாருக்குச் சொல்வேன்? நகருக்குள் அதிகம் ஓட்டுபவர், ஃபோனைப் பையில் போட்டுப் பின்சீட்டில் வைக்கிற கட்டுப்பாடு உள்ளவர். அவருக்கு எஃப்எஸ்டி கொடுப்பதை வேறு யாராலும் கொடுக்க முடியாது. "கார் பார்த்துக்கொள்ளும்" என்று பேசுகிறவருக்கும், அப்போதுதான் லைசென்ஸ் வாங்கிய பிள்ளைக்கும் வேண்டாம். கையை எடுக்கவே விடாமல், தொடுதலை உணரும் ஸ்டியரிங்கோடு லேனைப் பிடித்துப் போகும் ஹியுண்டாய், கியா மாதிரி கார் அந்தப் பிள்ளைக்குப் போதும். பல மாடல்களில் அது கண்ணைப் பார்க்காது என்பது உண்மை. ஆனால் கையாவது அங்கேயே இருக்கும்.

சோதனை ஓட்டத்துக்குப் போகும்போது விற்பனையாளரோடு வீட்டு ஆள் ஒருவரும் கூட இருக்கட்டும், போக்குவரத்து குறைந்த நேரமாக இருக்கட்டும். வழக்கமாகப் போடும் கறுப்புக் கண்ணாடியை, தொப்பியை எடுத்துப் போங்கள். முறையைப் போட்டுவிட்டுப் பக்கக் கண்ணாடியைச் சாதாரணமாகப் பாருங்கள், கத்தக் கூடாது. நடுத் திரையில் பாட்டு மாற்றுவது மாதிரி பாருங்கள், எத்தனை நொடியில் கூப்பிடுகிறது என்று பக்கத்தில் இருப்பவர் எண்ணட்டும், முன்னால் ரோட்டையும் அவரே பார்த்துக்கொண்டிருக்கட்டும். மூன்று நான்கு எண்ணுவதற்குள் கூப்பிட்டால் நல்லது, ஏழெட்டு தாண்டினால் நீங்களே நிமிர்ந்துவிடுங்கள். ஸ்டியரிங்கின் உச்சியில் கையை வைத்துப் பாருங்கள், கேமரா மறைந்ததை அது சொல்கிறதா, சும்மா இருக்கிறதா? முடிந்தால் இன்னொரு தடவை இருட்டிய பிறகும் போய் வாருங்கள். பெரும்பாலான டீலர்கள் மாலையில் சாவி தர யோசிப்பார்கள், ஆனால் கேட்டால் தருபவர்களும் இருக்கிறார்கள்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் உள்கேமராவே கிடையாது, அவற்றில் இன்னும் ஸ்டியரிங் அழுத்தம்தான். பழைய ஜிஎம் கார்களில் சூப்பர் க்ரூஸ் பொத்தான் இருந்தாலும் சந்தா முடிந்திருந்தால் அது சாதாரண க்ரூஸ் கண்ட்ரோலாகத்தான் ஓடும். விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பாமல், அந்தப் பச்சைப் பட்டை எரிவதைக் கண்ணால் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.